எங்கள் வீட்டில் வல்லினம்

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு தலைமையாசிரியர் அவர்கள் கேட்டபொழுது, பெற்றோராகிய நாங்கள் முதலில் எங்கள் மகளிடம்தான் அனுமதி கேட்டோம். "எழுதுங்கள், அப்பா. ஆனால் என் பெயரைப் போடாதீர்கள்" என்றாள். ஆகவே இக்கட்டுரையில் அவள் பெயர் இல்லை.

மேலுதடும் அண்ணமும் பிளவுபட்ட நிலையில் அவள் பிறந்தாள். பால்மரக் காட்டிலேயே வளர்ந்து ஓய்ந்த அவளுடைய பாட்டியார், கிரகணத்தன்று மருமகள் வெளியே வந்திருப்பாள், கத்தியைத் தொட்டிருப்பாள் என்று சொல்லிச் சொல்லி வருந்தினார். கரு வளரும் முதல் மூன்று மாதங்களுக்குள் முகத்தின் இருபுறமும் வந்து கூடாமற்போவதே பிளவு என்றும், உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளுள் ஒன்று இவ்வாறு பிறக்கிறது என்றும் மருத்துவர் விளக்கினார். பரம்பரையும் பிறவும் கலந்து நேர்வதாம். இன்னார் செய்த தவறு என்று சுட்ட இயலாதாம். அன்றிரவுதான் எங்களுள் தாயானவள் கண்ணுறங்கினாள்.

நான்காம் மாதத்தில் உதடும், பதினோராம் மாதத்தில் அண்ணமும் ஈப்போவில் அறுவை செய்து இணைக்கப்பெற்றன. "இனி என்ன குறை?" என்று ஜெலாப்பாங்கில் அண்டை அயலார் மகிழ்ந்தனர். நாங்களும் அவ்வாறே நம்பினோம். உத்தரப் பிரதேசத்துச் சிறுமி பிங்கியின் உதட்டு அறுவையைக் காட்டும் 'ஸ்மைல் பிங்கி' என்னும் ஆவணப்படம் 2009இல் ஆஸ்கார் விருது பெற்றது. நல்ல படந்தான். ஆயினும் படம் முடிகின்ற இடத்தில்தான் எங்கள் கதை தொடங்கிற்று.

அவளுக்கு வல்லினம் வரவில்லை! மெல்லினம் மூக்கிலே பிறக்கும் என்று நன்னூல் கூறுவதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அண்ணம் மேலெழுந்து மூக்குவழியை அடைத்தால்தான் 'ப'வும் 'ட'வும் வாயில் வெடித்துப் பிறக்கும். அவளுக்கோ காற்று மூக்கில் கசிந்தது. 'பாட்டி' என்பது 'மாண்ணி' என்றாயிற்று. மூக்கின் கீழே சிறு கண்ணாடியைப் பிடித்து, "பா, பா" என்று சொல்லச் செய்வோம்; கண்ணாடி மங்கினால் மறுபடியும் சொல்லவேண்டும். வேலை முடிந்து களைத்து வந்த மாலைகளில் நாங்கள் கடிந்துகொண்டதும் உண்டு. அவள் கண்ணாடியை வீசி எறிந்ததும் உண்டு. ஐந்து வயதில் ஒருநாள், சமையலறை வாயிலில் நின்று, "பாட்டி, பசிக்குது" என்றாள். பாட்டியார் அழுதுவிட்டார். பின்னர், 'மாண்ணி' என்று கூப்பிட இனி யாருமில்லையே என்றும் குறைப்பட்டுக்கொண்டார்!

ஒன்பதாம் வயதில் இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து ஈற்றெலும்பின் இடைவெளியில் வைத்தார்கள். சில நாள் நொண்டி நடந்தாள். மூக்கின் சாய்வை, முகம் வளர்ந்து முடிந்தபின் திருத்தலாம் என்கின்றனர். இதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. தாய்க்குத் திருத்திவிடவேண்டும் என்னும் ஆசை. தந்தைக்கோ, இன்னொரு முறை அந்தக் கதவருகே காத்து நிற்க மனமில்லை. மகளோ, "அது என் மூக்கு, அப்போது நானே சொல்கிறேன்" என்கிறாள்.

சென்ற ஆண்டு வகுப்புப் புகைப்படத்தில் கையால் வாயை மறைத்திருந்தாள். இவ்வாண்டு மறைக்கவில்லை, ஆனால் கண்ணை மூடிவிட்டாள். எந்த வரிசை என்று நாங்கள் சொல்லமாட்டோம்.