ஏரிக்கரையில் ஒரு ரஷ்யக் கல்யாணம்



ஜெனிவாவில் ரயில் ஏறினால், ஏரியை ஒட்டியே ஓடி அரை மணி நேரம் போல மோர்ஷ் என்ற சிற்றூரில் கொண்டுவந்து விடும். 1915 முதல் 1920 வரை ரஷ்ய இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி குடும்பத்தோடு இங்கே வாழ்ந்தார். ரஷ்யக் கிராமத்துக் கல்யாணம் ஒன்றை அவர் சேர்ந்திசையாக எழுதிய காலம் அது. அதன் பெயர் பிரெஞ்சில் ‘லே நோஸ்’, ரஷ்ய மொழியில் ‘ஸ்வாதெப்கா’. அதைக் கேட்கத்தான் இந்த வாரம் ஏரிக்கரை நகரம் ஒன்றில் அரங்கம் நிரம்பி வழிந்தது.

மேடை நடுவில் மூடி கழற்றிய நான்கு பியானோக்கள். அவற்றைச் சுற்றி டிரம்கள், சைலோஃபோன், ஜால்ரா போன்ற சிறு தாளங்கள், ஒரு மணி. பின்வரிசையில் பாடகர் குழு. வயலின் ஒன்றுகூடக் கிடையாது.

இந்த அமைப்புக்கு வந்துசேர ஸ்ட்ராவின்ஸ்கிக்கு வெகுகாலம் பிடித்தது. 1914 ஜூலையில் கீவ் நகருக்குப் போய், பியோத்தர் கிரேயெவ்ஸ்கி திரட்டிய நாட்டுப்பாடல் தொகுப்போடு சுவிட்சர்லாந்து திரும்பினார். உடனே உலகப் போர் மூண்டது. 1917இல் பாட்டு முழுக்க எழுதியாகிவிட்டது. எந்தக் கருவிகள் என்பதுதான் தீரவில்லை. முதலில் பெரிய ஆர்கெஸ்ட்ரா, பிறகு தானே வாசிக்கும் பியானோலாவும் ஹார்மோனியமும் சுத்தியலால் தட்டி வாசிக்கும் இரண்டு சிம்பலோமும். இயந்திரத்தையும் மனிதர்களையும் ஒரே தாளத்தில் கட்டிவைப்பது பெரும்பாடு என்று அதையும் கைவிட்டார். 1923 ஜூன் 13 அன்று, தியாகிலேவின் பாலே குழுவுக்காகப் பாரிஸில் அரங்கேறியபோதுதான் இந்த நான்கு பியானோக்கள் வந்தன.

எடுத்த எடுப்பிலேயே மணப்பெண் அழுகிறாள். கன்னிப்பெண்ணின் ஒற்றைப் பின்னலை அவிழ்த்து இரண்டாகப் பின்னும் சடங்கு அது. சோப்ரானோ பாடகி ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, இடையிடையே ஒரு குட்டிச் சுரம் விக்கலைப் போல வெட்டிப் போகிறது. அன்றைய ரஷ்யக் கிராமங்களில் மணப்பெண் புலம்பியே ஆக வேண்டியிருந்தது. மாப்பிள்ளையைப் பிடித்திருந்தாலும் சரி. அந்தப் புலம்பலுக்கென்று வாய்வழியாக வந்த சொற்களும் மெட்டுகளும் இருந்தன. ஆகவே இங்கே கேட்பது ஒருத்தியின் சொந்த வருத்தம் மட்டுமல்ல, ஊர் அவளுக்குக் கற்றுக்கொடுத்த துக்கம்.

இதை ஸ்ட்ராவின்ஸ்கி நன்றாகப் பிடித்துக்கொண்டார். அதனால்தான் எந்தப் பாடகருக்கும் நிலையான பாத்திரம் இல்லை. மாப்பிள்ளையின் பேச்சை ஒரு நேரம் ஒருவர் பாடுகிறார், இன்னொரு நேரம் வேறொருவர். விருந்துக் காட்சியில் நாலு பக்கமிருந்தும் பேச்சு, கிண்டல், வாழ்த்து எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. பேச்சில் ஒரு சொல்லை எங்கே அழுத்துகிறோமோ அங்கேதான் பாட்டிலும் அழுத்த வேண்டும் என்ற கட்டாயம் ரஷ்ய நாட்டுப்பாடலில் கிடையாது. அந்தச் சுதந்திரத்தை அவர் முழுக்க எடுத்துக்கொண்டதால் ஒரே வரி திரும்ப வரும்போது வேறோர் எழுத்தில் அடி விழுகிறது. பாரிஸ் ரசிகர்களுக்குப் புத்தம்புதிதாகப் பட்ட தாளத்துக்கு வேர் கிராமத்துப் பாட்டிகளின் வாயில் இருந்தது.

மூன்றாம் காட்சியின் முடிவில் எல்லோரும் கிளம்பிப் போகிறார்கள். மேடையில் தங்குவது இரண்டு தாய்மார்களின் குரல் மட்டும். பெண்ணைப் பெற்றவளும் அழுகிறாள், பிள்ளையைப் பெற்றவளும் அழுகிறாள். முன்வரிசையில் வயதான பெண்மணி ஒருவர் நிகழ்ச்சித் தாளை நாலாக மடித்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டார்.

ஊரிலிருந்தே கேட்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு பதிவுகள். ஒன்று, லெனார்ட் பெர்ன்ஸ்டைன் நடத்தியது. பியானோவில் மார்த்தா ஆர்கரிச்சும் இருக்கிறார். மற்றது, திமித்ரி பொக்ரோவ்ஸ்கியின் குழு 1994இல் வெளியிட்டது. கிராமம் கிராமமாகப் போய்ப் பாடக் கற்ற குழு அது. அதே தட்டில் அசல் கல்யாணப் பாடல்களும் உண்டு. முதலில் அந்தப் பாடல்களைக் கேளுங்கள், பிறகு ஸ்ட்ராவின்ஸ்கிக்கு வாருங்கள்.

அன்புடன்,
ஏரிக்கரையிலிருந்து