முதலில் மெழுகு, பிறகு ஐம்பொன்



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன், அப்பா சம்பா நெல் விற்ற பணத்தை ஆப்ஷன் டிரேடிங்கில் போடப்போவதாகச் சொன்னான். "யூடியூப்ல கத்துக்கிட்டேன் சார்."

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைக் காட்டினேன். மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ பக்கம் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

பிறகு ஒரு கணக்குக் கொடுத்தேன். 100 ரூபாயில் 10 போனால், மீட்க சுமார் 11 சதவீத லாபம் போதும். 50 போனால்? "50 சதவீதம் சார்" என்றான். இல்லப்பா, 100 சதவீதம். 90 போனால் 900. அதனால்தான் தேர்ந்தவர்கள் லாபத்துக்கு முன் ஸ்டாப் லாஸைக் குறிக்கிறார்கள். ஒரு டிரேடில் கைமுதலில் 1, 2 சதவீதத்துக்கு மேல் இழக்கத் துணிவதில்லை.

நம் சுவாமிமலை ஸ்தபதிகள் முதலில் மெழுகில்தான் சிலை பிடிக்கிறார்கள். மூக்கு கோணினால் மெழுகில் திருத்தலாம். வண்டல் மண் பூசி ஐம்பொன் ஊற்றியபின், உருக்கி மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். "ஆறு மாசம் நோட்டில் மட்டும் டிரேடு பண்ணு. வாங்கிய விலை, விற்ற விலை, ஏன் என்று எழுது. அதில் ஜெயித்தாலும் அப்பா பணம் வேண்டாம், உன் சம்பளத்தில் மிச்சம் பிடி" என்றேன்.

நோட்டு வாங்கிவிட்டான். நெல் பணம் இன்னும் வங்கியில் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் இந்த 50 ரூபாய்க் கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.