உட்கார்ந்த இடம்

எங்கள் வீட்டில் இருப்பது குழித்தறி. நெய்கிறவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதிக்க வேண்டும். பட்டுச் சேலை வாங்குகிறவர்கள் கைவேலை என்று மெச்சுவதில் பாதி கால்வேலை. கூரையில் ஓடு மாற்ற ஏறிய அப்பா வழுக்கி விழுந்து, முதுகெலும்பு உடைந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

எங்கள் ஊரான தென்னேரியில் ஒரு வீட்டில் விளக்கு அணைந்தால் அடுத்த தெருவுக்குத் தெரிந்துவிடும். கஞ்சி வந்தது, கைமாற்றுப் பணம் வந்தது, ஜெபிக்க ஆட்களும் வந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அப்பாவின் தலையில் கைவைத்து நெடுநேரம் ஜெபித்துவிட்டு, "எழுந்து நடங்கண்ணே" என்றார். கால் அசையவில்லை. "விசுவாசம் பத்தலண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அதன்பின் மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை.

வேலூர் பாகாயத்தில் இருக்கும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) புனர்வாழ்வு மையத்துக்கு அவரைக் கொண்டுபோனோம். மரத்திலிருந்து விழுந்தவர்கள், சாலையில் அடிபட்டவர்கள் என்று அப்பாவைப் போலவே பலர் இருந்தார்கள். அந்த மையம் வந்த கதையை அங்கேதான் கேட்டேன்.

மேரி வர்கீஸ் 1925-இல் கொச்சியில் பிறந்தவர், சி.எம்.சி.யில் படித்து மருத்துவரானவர். 1954-இல் அவர் போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் தழும்பு நிலைத்தது. கால்கள் இரண்டும் செயலிழந்தன. முப்பது வயதுகூட ஆகவில்லை. அவரும் அழுதார், ஏன் என்று கேட்டார், ஜெபித்தார். கால் திரும்பவில்லை. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை அப்போது வேலூரில் வளர்த்துக்கொண்டிருந்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம். மேரியை அந்த வேலைக்கு அழைத்தார் பிராண்ட். நடக்க முடியாத மருத்துவர், பிடிக்க முடியாத கைகளைச் சக்கர நாற்காலியில் இருந்தபடி திருத்தினார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, புனர்வாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அந்த மையம் உருவானது. 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986-இல் மறைந்தார்.

கதையைக் கேட்டுவிட்டு அப்பா சொன்னது இதுதான்: "அந்தம்மாவுக்கும் விசுவாசம் பத்தலியா?"

பவுல் அப்போஸ்தலர் தம் உடம்பில் இருந்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று முறை மன்றாடியதையும், அது எடுபடாததையும் அப்பா எத்தனையோ ஞாயிறு கேட்டவர்தான். கேட்டது வேறு, அது தமக்கும் பொருந்தும் என்று தெரிவது வேறு போலும்.

வேலூரில் அற்புதம் எதுவும் நடக்கவில்லை. கையை ஊன்றிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறக் கற்றுக்கொடுத்தார்கள். உணர்வில்லாத இடத்தில் புண் வந்தாலும் தெரியாது. அதனால் தினமும் கண்ணாடி வைத்து முதுகைப் பார்க்கச் சொன்னார்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்கச் சொன்னார்கள். ஊருக்கு வந்த புதிதில் நள்ளிரவிலும் விடிகாலையிலும் அம்மா அலாரம் வைத்து எழுந்து அப்பாவைப் புரட்டுவாள். "ஏசப்பா" என்று ஒரு வார்த்தை; மறுபடி தூக்கம். விசுவாசம் என்ற சொல்லைக் கேட்டால் இப்போது எனக்கு மேடையும் ஒலிபெருக்கியும் நினைவுக்கு வருவதில்லை. அந்த அலாரம்தான் காதில் அடிக்கிறது.

இன்று தறிக்குழியில் அம்மா இறங்குகிறாள். வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அப்பா ராட்டையில் ஊடைநூலைத் தாராகச் சுற்றுகிறார். ஒருநாள் கேட்டேன்: "இன்னும் கால் வேணும்னு ஜெபம் பண்றீங்களாப்பா?"

"பண்றேனே. கேக்கறத ஏன் விடணும்?" ராட்டையை நிறுத்தாமல் சொன்னார். "ஆனா அதுவரைக்கும் உங்கம்மா தாருக்குக் காத்துக்கிட்டு இருக்க முடியுமா?"