முதலில் சாவியைத் தொடாதீர்கள்

"ஓடிக் கெட்ட வண்டி எங்கே வலிக்குதுன்னு சத்தம் போட்டுச் சொல்லிடும் சார். நின்னு கெட்ட வண்டி வாயைத் திறக்காது. நாமதான் குனிஞ்சு தேடணும்."

இதைச் சொன்னவர் சென்னையின் தெற்குப் புறநகரில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் பக்கத்தில் ஷெட் வைத்திருக்கும் மேஸ்திரி. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பதினான்கு வயதில் புதுப்பேட்டையில் மண்ணெண்ணெயில் போல்ட் கழுவும் பையனாகச் சேர்ந்து, ஒவ்வொரு ஷெட்டாக மாறித் தொழில் கற்றவர். மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்றுபோன கார்களை ஓடவைப்பதில் அந்த வட்டாரத்தில் அவருக்குப் பெயர் உண்டு. மகனைப் பார்க்க வெளிநாடு போனவர்கள், படுக்கையில் விழுந்தவர்கள், பாகப்பிரிவினை வழக்கில் சிக்கியவர்கள் என்று வண்டி நிற்பதற்குக் காரணங்கள் பல. 2020 ஊரடங்கு தளர்ந்தபோது வேறு வேலை எதையும் தொட நேரமில்லாமல் இதையே பார்த்ததாகச் சொன்னார். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான் அவரோடு சேர்ந்துகொண்டேன்.

இந்த வேலையில் வண்டி ஷெட்டுக்கு வராது. ஷெட்தான் வண்டியிடம் போகவேண்டும். டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்பக்கத்தில் டூல்ஸ் பெட்டி, பின்னால் ஜாக்கி, மூட்டையாகப் பனியன் வேஸ்ட். திருப்பூர்ப் பின்னலாடைக் கழிவுத் துணி இல்லாமல் தமிழ்நாட்டில் எந்த மெக்கானிக் ஷெட்டும் இயங்காது. ஐடிஐயில் இரண்டு வருட மோட்டார் மெக்கானிக் படிப்பை முடித்துவிட்டு இவரிடம் தொழில் பழகும் இளைஞர் தனி பைக்கில் வந்தார்.

கார், பழைய சான்ட்ரோ. உரிமையாளர் ஓய்வுபெற்ற அரசு அலுவலர்; பெங்களூரில் மகள் வீட்டில் ஏழெட்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். தெருவோரப் பாதாம் மரத்தடியில் வண்டி நின்றது. கூரைமேல் சருகு, கண்ணாடியில் காக்கை எச்சம், நான்கு டயரும் பாதிக் காற்றில் அமுங்கிக் கிடந்தன.

"பேட்டரி மட்டும்தான்பா டவுன். பக்கத்து வீட்டு வண்டியிலேர்ந்து ஜம்ப் குடுத்தா ஓடிடும்ல?" என்று சாவியோடு வந்தார் பெரியவர்.

"ஓடிடும் சார். எவ்வளவு தூரம்னுதான் சொல்ல முடியாது" என்று சொல்லி, சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் மேஸ்திரி. மறுநாள் வரை அதை வெளியே எடுக்கவில்லை.

முதலில் வண்டியைச் சுற்றி நடந்தார். குனிந்து, அடியில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று போன் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு பானெட்டை உள்ளங்கையால் ஓங்கி இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தார். பூனை இருந்தால் ஓடிவிடும். சதுப்புநிலம் பக்கம் என்பதால் சாரைப்பாம்பும் இருக்கலாம். இந்த முறை இரண்டும் இல்லை. இருந்தது எலி.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்ததும் தேங்காய் நார், பாலிதீன் துணுக்கு, பானெட்டின் உள்பக்கப் பஞ்சு எல்லாம் சேர்த்துக் கட்டிய கூடு. அதற்குப் பக்கத்தில் போகும் ஒயர் கொத்தில் இரண்டு ஒயர்கள் செம்பு தெரியும்வரை கடிபட்டிருந்தன. "இப்ப செல்ஃப் அடிச்சிருந்தா இந்த ரெண்டும் ஒட்டி ஃபியூஸ் போயிருக்கும். நேரம் சரியில்லேன்னா கம்ப்யூட்டரே போயிருக்கும்" என்றார். இஞ்சினை ஆளும் அந்தக் கணினிப் பெட்டியை மாற்றுவது மலிவான காரியம் அல்ல.

கூட்டை அள்ளும்போது அவர் கையில் உறை இல்லை. எலிச் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கையில் இருக்கும் சிறு கீறல் வழியாக அது உடம்புக்குள் போகும். ஸ்பேனர் பிடிக்கும் கையில் கீறல் இல்லாத நாள் உண்டா? உதவியாளர் உறை போட்டிருந்தார். "ஐடிஐயில சொல்லிக் குடுத்தாங்க. அண்ணன்தான் கேக்க மாட்டேங்கறார்" என்றார். அண்ணன் சிரித்துவிட்டுக் கையை டெட்டால் தண்ணீரில் கழுவிக்கொண்டார்.

அடுத்தது பேட்டரி. மீட்டர் ஒன்பது வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. முழுதாகச் சார்ஜ் ஏறிய கார் பேட்டரி 12.6 வோல்ட் காட்டவேண்டும். வண்டி அணைந்திருந்தாலும் கடிகாரம், அலாரம், கணினிப் பெட்டி மூன்றும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். அது 30 மில்லி ஆம்பியர்தான் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி ஆகிறது. 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஐம்பது நாளுக்குள் காலி. காலியாகவே கிடந்தால் உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். இப்படி இறுகிய பேட்டரிக்கு ஜம்ப் கொடுத்து வண்டியைக் கிளப்பினால், அதை நிரப்பும் பாரம் முழுவதும் ஆல்டர்னேட்டர் தலையில் விழும். ஆகவே கழற்றி, மெயின் ரோட்டில் உள்ள பேட்டரி கடைக்கு அனுப்பினார். அங்கே மூன்று மூன்றரை ஆம்பியரில் இரவு முழுக்க மெதுவாக ஏற்றவேண்டும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். மாற்றிச் செய்து ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறிதான்.

பேட்டரி வருவதற்குள் மற்றவை. டிப் ஸ்டிக்கை உருவி, ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்தார். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். இங்கே கறுத்திருந்தது, அவ்வளவுதான். ரேடியேட்டரில் கூலண்டுக்குப் பதில் யாரோ குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்ததால் துருநிறத்தில் வழிந்தது. பெட்ரோல் டேங்கைத் திறந்து மோந்ததும் முகம் சுளித்தார். பழைய பெட்ரோலில் பெட்ரோல் வாசனை குறைந்து வார்னிஷ் வாசனை ஏறிவிடும். எளிதில் தீப்பிடிக்கும் லேசான பகுதி ஆவியாகப் போய்விட்டது என்பதற்கு அடையாளம். போதாக்குறைக்கு இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2022இல் 10 சதவீதத்தை எட்டிய கலப்பு, இன்று 20 சதவீதம். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் போய்த் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். டேங்க் முழுவதையும் கேனில் இறக்கினார்கள். அது இனி போல்ட் கழுவத்தான் உதவும்.

பிறகு நடந்ததுதான் இந்தத் தொழிலின் நுட்பம் என்று எனக்குத் தோன்றியது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சில சொட்டு ஆயில் விட்டுக் காத்திருந்தார்கள். மாதக்கணக்கில் நின்ற இஞ்சினில் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்த ஆயில் வடிந்துபோயிருக்கும். ரிங் துருப்பிடித்து ஒட்டியிருக்கவும் கூடும். முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான ஸ்பேனரை மாட்டி, உதவியாளர் இஞ்சினைக் கையால் சுற்றினார். மேஸ்திரி மறுபக்கம் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

"பிடிக்குதா?"

"இல்லண்ணே, ஒரே சீரா வருது."

"இன்னும் ஒரு சுத்து. வேகம் வேணாம்."

ஸ்டார்ட்டர் மோட்டாரிடம் விட்டிருந்தால் ஒட்டிக்கொண்ட ரிங்கையும் வெடிப்பு விட்ட டைமிங் பெல்ட்டையும் அது பார்க்காமல் இழுத்துவிடும். எங்கே தடுக்கிறது என்று கைக்குத்தான் தெரியும்.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி அவர் பேசியது இந்த நேரத்தில்தான். தண்ணீர் வடிந்த மறுநாளே ஊரில் பாதிப் பேர் சாவி போட்டுப் பார்த்தார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கழுவிக் காயவைத்து ஓட்டியிருக்கக்கூடிய இஞ்சின்கள் அந்த ஒரு திருப்பலில் போயின. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். "மேடு ஏத்தக் கத்துக்கிட்டாங்க. சாவியத் தொடாம இருக்க இன்னும் கத்துக்கல" என்றார் மேஸ்திரி.

பின்சக்கரம் உருளவே இல்லை. பெரியவர் ஊருக்குப் போகுமுன் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டுப் போயிருந்தார். மழைக்காலத்தில் லைனர் டிரம்மோடு துருவில் ஒட்டிவிட்டது. இழுத்து ஓட்டினால் லைனர் பிய்ந்து வரும். ஜாக்கி போட்டுத் தூக்கி, டிரம்மைச் சுற்றிலும் சுத்தியலால் நிதானமாகத் தட்டினார்கள். வெகுநேரம் கழித்து 'டக்' என்று விட்டது. பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும் சாதிதான். புது டாட் 3 ஆயில் 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறினால் அது 140 டிகிரி வரை இறங்கலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் தரையைத் தொடும். மொத்தத்தையும் இறக்கிப் புதிதாக ஊற்றினார்கள். டயர்களில் காற்றடிக்குமுன் பக்கவாட்டு நான்கு இலக்கங்களைத் துடைத்துப் பார்த்தார்கள். 1419 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் செய்தது. வயது போக, ஓரத்தில் வெடிப்பும் ஓடியிருந்த இரண்டை மாற்றியே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் எலக்ட்ரீசியன் வந்து கடிபட்ட ஒயர்களைச் சால்டர் வைத்து ஒட்டிவிட்டுப் போனார். பேட்டரி நல்லவேளையாகச் சார்ஜை ஏற்றுக்கொண்டது. புது ஆயில், புது ஃபில்டர், ஐந்து லிட்டர் புதுப் பெட்ரோல். சட்டைப்பையிலிருந்து சாவி வெளியே வந்தது. அப்போதும் பம்ப் ஃபியூஸை உருவிவிட்டுத்தான் செல்ஃப் அடித்தார். பெட்ரோல் போகாமல் இஞ்சின் சும்மா சுற்றி, ஆயில் மேலே ஏறி, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணைந்த பிறகே ஃபியூஸைப் போட்டார். வண்டி இருமி, நீலப் புகை கக்கி, நின்றது. மறுபடி அடித்தார். பிடித்துக்கொண்டது. பெரியவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிக் கை காட்டினார்; மேஸ்திரி தலையாட்டவில்லை. ஃபேன் தானாக ஓடி நிற்கும்வரை ஐடிலிலேயே விட்டுவிட்டு, தெருவுக்குள் இரண்டாம் கியரில் போய் வந்தார்.

பிறகு கணக்கு வந்தது. ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில், கூலண்ட், டயர் எதைப் பற்றியும் பெரியவர் பேசவில்லை. கூலி என்று எழுதியிருந்த வரியில் மட்டும் விரல் நின்றது. "ஸ்டார்ட் பண்ணித்தானே குடுத்தே? பெருசா ஒண்ணும் மாத்தலையேப்பா?"

அவர் கெட்டவர் அல்லர். நம் எல்லோருக்கும் அந்த வழக்கம்தான். கையில் வாங்கிப் பார்க்க முடிகிற பொருளுக்கு விலை கொடுக்கிறோம்; நடக்காமல் தடுக்கப்பட்ட சேதத்துக்குக் கொடுப்பதில்லை. ஷார்ட் ஆகாத ஒயரும் வளையாத ராடும் பில்லில் வராது. இதனால் என்ன ஆகிறது என்பதை மேஸ்திரி ஒளிக்காமல் சொன்னார். பொறுமையாகப் பார்த்ததற்குக் கூலி கிடைக்காது என்று கண்டுகொண்ட ஷெட்கள், மாற்றத் தேவையில்லாத பாகத்தை மாற்றி அந்த லாபத்தில் கூலியை எடுத்துக்கொள்கின்றன. "நேர்மையா வேலை செஞ்சா தர்க்கம், பொய்யா பார்ட் போட்டா தாங்க்ஸ்" என்றார்.

அவருக்கு மாதச் சம்பளம் இல்லை, ஈஎஸ்ஐ இல்லை. ஷெட் நிற்கும் மனையின் உரிமையாளர் அடுக்குமாடி கட்ட முடிவெடுத்தால் காலி செய்யவேண்டும். ஏற்கெனவே அப்படி இடம் மாறியவர்தான். உதவியாளர் கம்பெனி சர்வீஸ் சென்டர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறார். அங்கே ஸ்கேனர் உண்டு, சீருடை உண்டு, மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. ஸ்கேனர் கோளாறு எண்ணைச் சொல்லும். ஏர் ஃபில்டருக்குள் கூடு கட்டியிருக்கும் எலியைச் சொல்லாது.

வண்டியை விட்டுவிட்டு மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள் சிலவற்றைச் செய்யலாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல், கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். திரும்பி வந்ததும் டயரைப் பார்ப்பதற்கு முன் காகிதங்களைப் பாருங்கள்: இன்சூரன்ஸும் புகைச் சான்றும் காலாவதியாகியிருந்தால் வண்டி ஓடினாலும் ரோட்டில் ஏற உரிமை இல்லை, பதினைந்து வருடம் ஆன கார் என்றால் ஆர்.சி. புதுப்பிக்கவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மெக்கானிக்கிடம் "ஸ்டார்ட் பண்ணிக் குடு" என்று கேட்காதீர்கள். "பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அப்படிப் பார்த்ததற்கு, ஒரு பாகமும் மாற்றாவிட்டாலும், பேரம் பேசாமல் கூலி கொடுங்கள்.