கொழும்புக்குப் போக வடக்கே ஒரு பஸ்

ஓட்டப்பிடாரத்திலிருந்து முதல் பஸ்ஸில் குறுக்குச்சாலைக்கு வந்து, அங்கே மதுரைப் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற ஆச்சி என் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எங்கய்யா போறீய, பெட்டியும் கையுமா?"

"கொழும்புக்கு, ஆச்சி."

"கொழும்புக்குன்னா தூத்துக்குடிக்குல்லா போவணும்? நீங்க மதுரைப் பக்கம் நிக்கீயளே!"

அவள் கேட்டதில் தவறில்லை. அவள் தலைமுறை அறிந்த வழி அதுதான். துறைமுகம் எங்கள் ஊருக்கு முக்கால் மணி நேரத் தூரம். 1876-இல் மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்த பிறகு, தேயிலைத் தோட்டத்துக்கும் கொழும்புக் கடைகளுக்கும் போன கூட்டம் அந்தக் கரையில்தான் குவிந்தது. தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குத் தட்டப்பாறையில் முகாமே இருந்தது. கரையோரம் ஆழமில்லாததால் கப்பல் சில மைல் தள்ளி நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலையில் கொழும்பு.

பஸ் எட்டயபுரம் விலக்கைத் தாண்டியது. புரட்டாசி மாதம். மழைக்கு முன்னாலேயே புழுதியில் உளுந்தும் பாசியும் விதைத்துவிட்டு வானம் பார்த்து நிற்கிறார்கள் எங்கள் சனம். ஒரு காட்டில் டிராக்டர் கிளப்பிய கரும்புழுதி ரோடு வரைக்கும் வந்து கண்ணாடியை மறைத்தது. வானத்தை நம்பிப் பிழைக்கிற இந்தப் பூமியில், ஒரு வக்கீலுக்குக் கடலில் சொந்தக் கப்பல் விடும் எண்ணம் எப்படித்தான் வந்ததோ! முந்தின நாள் எங்கள் ஊரில் அந்த வக்கீல் வ.உ.சி. பிறந்த வீட்டில் நின்றபோதும் இதே எண்ணம்தான்.

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய்; மூலதனம் 10 லட்சம். வாடகைக் கப்பலை நம்பி ஏமாந்த பிறகு பம்பாய் போய் அலைந்து, அடுத்த ஆண்டு 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்களைக் கொண்டுவர வைத்தார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். அப்படியும் சுதேசிக் கப்பலைத் தேடி ஏறினவர்கள் இருந்தார்களே, அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. 1908-இல் அவரைச் சிறையில் போட்டார்கள். அவர் செக்கிழுத்த அந்தச் சிறைவாசம் முடியும் முன்பே கம்பெனி கலைந்தது. வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வரவேற்கக் கூட்டமும் இல்லை.

அருப்புக்கோட்டை, காரியாபட்டி, மண்டேலா நகர். மதுரை விமான நிலையத்தில் பெட்டியை எடை போட்டார்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் அத்தை ஓலைக் கொட்டானில் கட்டித் தந்த கருப்பட்டியும் சேர்ந்து அளவு தாண்டிவிட்டது. கூடுதல் பணம் கேட்டார்கள். கொட்டானைப் பிரித்துப் பாதிக் கருப்பட்டியைக் கைப்பையில் திணித்தேன். மீதியை வாசலில் நின்ற டாக்ஸிக்கார அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டேன்.

பறந்தது சுமார் ஒரு மணி நேரம். அதற்கு முன்னும் பின்னும் காத்துக் கிடந்ததும், கட்டுநாயக்கவிலிருந்து நகரத்துக்குள் ஊர்ந்ததும்தான் அந்த நாளைத் தின்றது. செட்டியார் தெருவில் சித்தப்பா கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிக் கடைகள் அடைத்தாயிற்று.

சித்தப்பா கருப்பட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது கப்பலைப் பற்றித்தான். 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் மறுபடி ஓடியது. அதில் ஊருக்கு வந்துபோனதை இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார். சில மாதங்களில் அது நின்றுபோனது. அதே 2011-இல்தான் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயரைச் சூட்டினார்கள். பெயர் நிலைத்தது, ஆள் ஏறிப் போகிற கப்பல்தான் நிலைக்கவில்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். இடையில் நின்றாலும் மறுபடி ஓட வைத்தார்கள்.

"நாகப்பட்டினத்துக்கு விட்டவங்க நமக்கு விட மாட்டாங்களாடே?" என்றார் சித்தப்பா.

விட வேண்டும், சித்தப்பா. ஊருக்குப் போனதும் எழுதிக் கேட்கிறேன் என்றேன்.