ஜுஜுபி

வாத்தியார் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் எங்கள் வகுப்புக் கெட்டிக்காரன் பின்பெஞ்சைத் திரும்பிப் பார்த்து, "ஜுஜுபிலே!" என்பான். அந்தச் சொல் எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. கிணற்றில் மேலேயிருந்து குதிப்பது ஜுஜுபி, அரைப்பரீட்சை ஜுஜுபி. திருத்திய பேப்பர் கைக்கு வந்த வாரத்தில் மட்டும் அந்தச் சொல்லை யார் வாயிலும் கேட்க முடியாது.

எங்கிருந்து வந்த சொல் என்று எவன் யோசித்தான்? பெட்டிக்கடை பாட்டிலில் சர்க்கரை ஒட்டிய சிவப்பு, பச்சை ஜெல்லி மிட்டாய் இருக்கும். மெட்ராஸிலிருந்து லீவுக்கு வரும் சித்தப்பா மகன் அதை 'ஜுஜுப்ஸ்' என்பான். பட்டணத்துப் பவிசு என்று விட்டுவிட்டோம்.

எங்களுக்கு இலந்தைதான் உசத்தி. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் மார்கழி, தை வந்தால் கம்மாய்க்கரை மரத்தடியில்தான் கிடப்போம். இலந்தை முள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்று நேராக, மற்றது கொக்கியாக. நுழையும்போது நேர்முள் குத்தும், திரும்பும்போது கொக்கிமுள் சட்டையைப் பிடித்துக்கொள்ளும். கிழிந்த சட்டைக்கு வீட்டில் அடி தனி. அள்ளி வந்ததில் மிஞ்சியதை ஆச்சி வாங்கி, வத்தல், உப்பு, வெல்லம், பெருங்காயம் சேர்த்துக் கொட்டையோடு உரலில் இடிப்பாள். தட்டித் தட்டி ஓலைப்பாயில் காயப்போடுவாள். அந்த இலந்தை வடைக்குக் காக்கா விரட்டுகிற உத்தியோகம் எனக்கு. காக்காவைவிட நான் தின்றதுதான் அதிகம். கல்யாண வீட்டு ரேடியோ செட்டில் 'பணமா பாசமா' படத்துக்கு எல்.ஆர். ஈஸ்வரி பாடிய இலந்தைப் பழப் பாட்டு வந்தால் எங்கள் ஊருக்கே எழுதியதுபோல இருக்கும்.

காலேஜ் நூலகத்து அகராதியில்தான் குட்டு உடைந்தது. ஜுஜுப் என்றால் இலந்தை! கிரேக்கத்தில் சிசிஃபோன், லத்தீனில் ஜுஜுபா, பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு ஜுஜுப். நம்முடையது இந்திய இலந்தை, ஐரோப்பியர்கள் முதலில் அறிந்தது அதன் ஒன்றுவிட்ட சகோதரமான சீன இலந்தை. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருந்துக்கடைகளில் அதன் சாற்றோடு சர்க்கரையும் கருவேலம் பிசின் வகையும் காய்ச்சி இருமலுக்கு வில்லை செய்தார்கள். நாளடைவில் பழம் கழன்றுபோய், வெறும் பிசின் மிட்டாய்க்குப் பெயர் மட்டும் நின்றது. வாயில் போட்டால் கரைந்துவிடுகிற அந்த மிட்டாயைத்தான் நம் பையன்கள் சப்பையான காரியத்துக்கெல்லாம் பெயராக்கிவிட்டார்கள் என்பது என் கட்சி.

லீவில் ஊருக்குப் போனபோது ஆச்சியிடம் சொன்னேன். இருமல் வில்லைக் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, "வத்தல் போட்டானாலே?" என்றாள்.

"இல்ல ஆச்சி."

"அப்ப எப்படி இருமல் நிக்கும்?"