ஆறு நிமிஷப் பொறுமை

என் தாயார் நமுனுகுலை மலைச்சாரலிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். மற்றவர்கள் பறித்து முடித்துக் கடந்து சென்ற செடியிலும், இலை மறைவில் ஒளிந்திருக்கும் கொழுந்தை அவர் கண்டுபிடித்துவிடுவார். "கை ஓடலாம், கண் ஓடக்கூடாது" என்பது அவருடைய வாக்கு. சிறுவனாக இருந்தபோது அதை நான் பொருட்படுத்தியதில்லை. நாற்பத்தேழாம் வயதில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இடப்பக்கமாகச் சரிந்து படுத்து, என் குடலின் உட்புறத்தை நானே ஒரு திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த வாக்கின் பொருள் எனக்கு விளங்கிற்று.

குடலைப் பற்றியா ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எழுதுவது என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். அந்தக் கூச்சந்தான் என் மாமாவின் உயிரைக் குடித்தது.

மாமா அதே தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். மலையில் அவர் குரல் கேட்டால் அடுத்த மலை திரும்பிப் பார்க்கும். அத்தகையவர், மலத்தோடு இரத்தம் போவதை ஓராண்டுக்கு மேலாக ஒருவரிடமும் சொல்லவில்லை. மூலம் என்று தாமாகவே முடிவுகட்டிக் கருணைக்கிழங்கும் நாட்டு மருந்துமாகக் காலங்கடத்தினார். அத்தைக்குக்கூடத் தெரியாது. வயிறு உப்பி, வலி தாங்காமல் பதுளைக்குக் கொண்டுவந்தபோது, பெருங்குடலில் தோன்றிய புற்றுநோய் ஈரல்வரை பரவியிருந்தது. ஐம்பத்தெட்டாம் வயதில் அவர் மறைந்தார். "சில ஆண்டுகளுக்கு முன்பு இது ஒரு பட்டாணி அளவில் இருந்திருக்கும், அப்போதே எடுத்திருக்கலாம்" என்று வைத்தியர் சொன்னது இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

அந்தப் பட்டாணி எது? பெருங்குடலின் உட்சுவரில் மருவைப் போல எழும் சிறு முளையை வைத்தியர்கள் பொலிப் என்பர். பெரும்பாலானவை தீங்கற்றவையே. ஆயினும், அடினோமா எனப்படும் வகையைச் சேர்ந்த முளைகளிற் சில மெல்ல மெல்ல வளர்ந்து புற்றுநோயாக மாறுகின்றன. அம்மாற்றத்துக்குப் பொதுவாகப் பத்தாண்டளவு செல்லும். நோய் நமக்குத் தரும் இந்த நீண்ட தவணையே நமக்குள்ள நல்வாய்ப்பு.

1969ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில், ஜப்பானிலிருந்து வந்த ஹிரோமி ஷின்யா என்னும் வைத்தியர், வயிற்றைக் கிழிக்காமலே, வளையும் குழாயொன்றின் வழியாகக் கம்பிச் சுருக்கைச் செலுத்திப் பெருங்குடல் முளையொன்றை அறுத்தெடுத்தார். அவ்வாறு அடினோமாக்கள் அகற்றப்பட்டவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வொன்று, பெருங்குடற் புற்றுநோயால் அவர்களிடையே நேர்ந்த மரணங்கள், பொதுமக்களிடையே எதிர்பார்க்கத்தக்கதைவிட நூற்றுக்கு 53 பங்கு குறைவு என்று 2012இல் காட்டிற்று. ஒரு முளையை எடுப்பது ஓர் உயிரைக் காப்பது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

எனக்கும் ஒருநாள் இரத்தம் தெரிந்தது. மாமாவின் முகம் கண்முன் வந்து நின்றிராவிட்டால் நானும் கருணைக்கிழங்கைத் தேடியிருப்பேன். படித்தவனுக்கும் கூச்சம் உண்டு! வைத்தியர் என் குடும்ப வரலாற்றைக் கேட்டறிந்து, கொலொனோஸ்கோபிப் பரிசோதனைக்கு நாள் குறித்தார்.

அதில் வலியைவிட முதல்நாள் இரவுதான் பெரிது. உப்புக் கரிக்கும் மருந்து நீரை லீற்றர் கணக்கில் குடித்து, குடலை முற்றாகக் கழுவிவிட வேண்டும். "இதில் ஏமாற்றாதீர்கள், குடலில் அழுக்கு இருந்தால் முளை அதற்குள் மறைந்துகொள்ளும்" என்று தாதி எச்சரித்திருந்தார். ஆகவே, மாணவனுக்குரிய பணிவோடு கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

மறுநாள், விரற்பருமனுள்ள குழாய் குடலின் கோடிவரை விரைவாகச் சென்றது. பார்வை என்பது அதன் பிறகே தொடங்கியது. குழாயை மெதுவாக வெளியே இழுத்துவரும்போதுதான் வைத்தியர் ஒவ்வொரு மடிப்பையும் ஆராய்கிறார். ஓரிடத்தைக் கடந்த அவர் நின்றார். மீண்டும் உள்ளே சென்று மடிப்பின் பின்புறத்தை நோக்கினார். அங்கே துவரம்பருப்பளவில் ஒரு முளை இருந்தது. பொத்தானொன்றை அழுத்தியதும் திரை நீலப்பச்சை ஒளிக்கு மாறிற்று. அவ்வொளியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கபில நிறமாகத் துலங்கும். அவற்றின் அமைப்பைக் கொண்டே முளையின் வகையைப் பெரும்பாலும் ஊகிக்கலாமாம். சுருக்குக் கம்பி வந்தது, முளை போயிற்று. வலியே இல்லை. பின்னர் நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துப் பார்த்து, அது அடினோமாதான், புற்றாக மாறவில்லை என்று அறிவித்தார்கள்.

அவர் திரும்பிப் பாராமற் சென்றிருந்தால்? இக்கேள்வி என்னை விடவில்லை, கிடைத்தவற்றையெல்லாம் வாசித்தேன். ஒரே ஆளை ஒரே நாளில் இருமுறை சோதித்த ஆய்வுகளை 2006இல் தொகுத்து நோக்கியபோது, நூற்றுக்கு ஏறக்குறைய 22 முளைகள் முதற் பார்வைக்குத் தப்பியிருந்தன. அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு, 12 வைத்தியர்கள் குழாயை வெளியே இழுக்க எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டது. சராசரியாக ஆறு நிமிஷமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள், தாம் சோதித்தவர்களில் நூற்றுக்கு 28.3 பேரிடம் முளைகளைக் கண்டனர். விரைந்து முடித்தவர்கள் கண்டதோ 11.8 பேரிடமே. கலிபோர்னியாவில் 136 வைத்தியர்கள் செய்த மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பரிசோதனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான முடிவு இன்னும் தெளிவானது: வைத்தியர் அடினோமாவைக் கண்டறியும் வீதம் ஒரு புள்ளி உயர்ந்தால், அவரிடம் சோதனை செய்துகொண்டோருக்குப் பின்னாளில் புற்றுநோய் வரும் அபாயம் நூற்றுக்கு மூன்று பங்கு குறைகிறது.

இப்போது கணினியும் துணைக்கு வந்துவிட்டது. திரையில் ஐயத்துக்குரிய இடத்தைச் சுற்றி அது கட்டமிட்டுக் காட்டும். சீனாவில் 1,058 பேரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், அத்துணையால் அடினோமா கண்டறியப்பட்டோர் வீதம் 20.3இலிருந்து 29.1 ஆயிற்று, கூடுதலாகக் கிடைத்தவற்றுட் பெரும்பாலானவை மிகச் சிறியவை. ஆனால் போலந்து நாட்டின் நான்கு நிலையங்களிலிருந்து 2025இல் ஓர் எச்சரிக்கையும் வந்தது. கணினி வந்த பின்னர், அதன் துணையின்றிச் செய்த பரிசோதனைகளில் வைத்தியர்கள் கண்டறியும் வீதம் 28.4இலிருந்து 22.4ஆகக் குறைந்திருந்ததாம். கருவி காட்டும் என்று இருந்துவிட்டால் கண் சோம்பிவிடும் போலும்! என் தாயார் இதைக் கேட்டால் வியக்கமாட்டார்.

வைத்தியரின் கண்ணைப் பற்றி இவ்வளவு வாசித்தபின் ஓர் உண்மை உறைத்தது. பரிசோதனை மேசைக்கே வராதவனை எந்தக் கண்ணும் காப்பாற்றாது. பெற்றோரிலோ உடன்பிறந்தாரிலோ ஒருவருக்கு இந்நோய் வந்திருந்தால், ஒருவனுக்கு அபாயம் ஏறக்குறைய இருமடங்கு. அத்தகையவர் நாற்பதாம் வயதில், அல்லது உறவினருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டுகள் முன்னதாக, இரண்டில் எது முந்தியதோ அப்போதே சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது வைத்திய வழிகாட்டல். என்னைவிட இது உரியது மாமாவின் மகனுக்கு. அவனுக்கு வயது நாற்பத்து மூன்று.

சென்ற மாதம் தோட்டத்துக்குப் போனேன். லயத்து வாசலில் அமர்ந்து வெறுந்தேநீர் குடித்துக்கொண்டே செய்தியைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மச்சான். ரெண்டு நாள் பேரு போயிரும். அதுவும் இந்த எடத்துல குழாய விடுறதா? வெளியில தெரிஞ்சா என்ன பேசுவாங்க?"

ரெண்டு நாட் சம்பளம் அவன் வீட்டில் சிறிய தொகையன்று. அதை நான் அறிவேன். என்ன சொல்வதென்று திகைத்து நின்றேன். அப்போது உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது.

"ஒங்கப்பனும் இதத்தாண்டா நெனச்சிருப்பாரு."

அவன் தலை கவிழ்ந்தான். வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர், "எந்த நாளு மச்சான்?" என்று கேட்டான்.

அவனுக்கும் நாள் குறித்தாயிற்று. முதல்நாள் அவன் என் வீட்டில்தான் தங்குவான்; மருந்து நீரைக் கடைசிச் சொட்டுவரை குடிக்கச் செய்வது என் பொறுப்பு. ஒன்றும் இல்லையென்று வந்தால் மகிழ்வோம். ஏதேனும் இருந்தால், அது பட்டாணியாக இருக்கும்போதே கண்டோமென்று மகிழ்வோம். இரண்டு நாட் சம்பளம்? அதை நான் கொடுப்பதாகச் சொன்னபோது அத்தை கையமர்த்திவிட்டார். "அந்தப் பணத்த நான் சேத்து வச்சிருக்கேன் தம்பி" என்றார்.